மெழுகறிந்த கோதை

ஆழ்வார்கள் பன்னிருவருள் பெண் ஒருவரே. திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரின் திருமகளாராகிய கோதை, ஆண்டாள் என்னும் பெயரால் தமிழுலகம் முழுதும் அறியப்பட்டவர். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143 என அவர் அருளிய பாசுரங்கள் 173. மார்கழி விடியலில் திருப்பாவை ஒலிக்காத வைணவக் கோயிலைத் தமிழ்நாட்டில் காண்பது அரிது. நாச்சியார் திருமொழி அத்துணை வழக்கில் இல்லை. எனினும் அந்நூலின் பத்தாம் பதிகத்திலுள்ள எட்டாம் பாசுரம் சிற்பக்கலை ஆராய்வோரைத் தன்பால் ஈர்த்து வந்திருக்கிறது. மழையை விளித்துப் பாடிய அப்பாசுரத்தில், மெழுகுருவின் மேல் மண்ணைப் பூசி, உள்ளிருக்கும் மெழுகை உருக்கி வெளியேற்றும் வார்ப்பு முறையைக் கோதை உவமையாக எடுத்தாண்டுள்ளார். செப்புத் திருமேனிகள் வார்க்கும் தொழிலைச் சுட்டும் பழந்தமிழ்ச் சான்றுகளுள் அது குறிப்பிடத்தக்கது. நந்தவனத்தில் பூத்தொடுத்த பெண், தம் நெஞ்சின் நிலையைக் கூறப் பட்டறையின் மெழுகைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்னும் வினாவோடு அவர் வரலாற்றை அணுகினால், அவ்வரலாறும் புதிய ஒளி பெறும்.

ஊரும் காலமும்

மதுரைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையை அடுத்த சமவெளியில் அமைந்தது திருவில்லிபுத்தூர். கண்மாய்களும் வயல்களும் சூழ்ந்த அவ்வூர் பாண்டிநாட்டின் பழைய கோயிலூர்களுள் ஒன்று. ஆலிலைமேல் துயிலும் வடபத்திரசாயி அங்கு உறைபவர். அவருக்கு நாள்தோறும் மாலை கட்டிச் சாத்துவதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் விட்டுசித்தர். பெரியாழ்வார் என்பது பின்னர் அமைந்த சிறப்புப் பெயர்.

இவர்தம் காலத்தை எட்டாம் நூற்றாண்டு என்பாரும் ஒன்பதாம் நூற்றாண்டு என்பாரும் உளர். வெள்ளி எழுந்து வியாழன் மறைந்த செய்தி திருப்பாவையில் வருகிறது. அதனை வானியல் முறையில் ஆராய்ந்த மு. இராகவையங்கார் 731ஆம் ஆண்டினைக் குறித்தார். பிறர் பிற்பட்ட ஆண்டுகளைக் கூறினர். பெரியாழ்வார் தம் பாசுரமொன்றில் கூடல் மன்னனாகிய நெடுமாறனைப் பெயர் சுட்டிப் பாடியிருத்தலால், மதுரையில் பாண்டியர் வலிமையுற்றிருந்த காலம் அது என்பதில் ஐயமில்லை.

குருபரம்பரை நூல்கள் கூறும் செய்தி வருமாறு. பாண்டியன் வல்லபதேவன் மெய்ப்பொருளை நிலைநாட்டுவார்க்கு உரியதெனப் பொற்கிழி ஒன்றைத் தன் அவையில் தொங்கவிட்டான். விட்டுசித்தர் மதுரைக்குச் சென்று அதனை வென்றார். மன்னன் அவரை யானைமேல் ஏற்றி நகர்வலம் வரச் செய்தான். வானில் கருடன்மேல் தோன்றிய இறைவனைக் கண்ட ஆழ்வாருக்குத் தம் பெருமை தோன்றவில்லை. அத்துணை அழகுக்குக் கண்ணேறு படுமே என்னும் அச்சமே தோன்றிற்று. ஆகவே வாழ்த்து வேண்டிய அடியவர் தாமே இறைவனை வாழ்த்திப் பல்லாண்டு பாடினார். பெற்றோர் குழந்தைக்கு அஞ்சுவது போன்ற இத்தாயுள்ளமே அவருடைய கவிதையின் அடிநிலை. அத்தகைய ஒருவரிடத்தில் வளர்ந்தவர் கோதை.

நந்தவனத்துக் குழந்தை

ஆடிப் பூரத்தன்று நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில் ஆழ்வார் ஒரு பெண் மகவைக் கண்டெடுத்தார் என்பது மரபு. கோதை என்று பெயரிட்டார். கோதை என்னும் சொல்லுக்கு மாலை என்பது பொருள். மாலை தொடுப்பவர் தம் மகளுக்கு அப்பெயரைச் சூட்டியது இயல்பே.

அதன்பின் நிகழ்ந்தது தமிழ்நாட்டுச் சிறுவரும் அறிந்த கதை. இறைவனுக்கெனத் தொடுத்து வைத்த மாலையைக் கோதை நாள்தோறும் தாம் சூடிக் கிணற்று நீரில் தம் நிழல் கண்டு, அவருக்கு ஏற்ற இணை தாமோ என எண்ணிப் பார்த்துவிட்டு, மாலையை மீண்டும் கூடையில் வைத்தார். ஒருநாள் மாலையில் தலைமயிரைக் கண்ட தந்தை திடுக்கிட்டார். மகளைக் கடிந்து, வேறு மாலை தொடுத்துச் சென்றார். அன்றிரவு இறைவன் கனவில் தோன்றி, மகள் சூடிய மாலையே தமக்கு உகந்ததென்றான். சூடிக்கொடுத்த சுடர்க்கொடி என்னும் பெயர் இவ்வாறு அமைந்தது.

இக்கதையைப் பக்தியின் சிறப்பாக மட்டும் கொள்வது வழக்கம். கலைநோக்கில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. கட்டிய மாலைக்கு உருவமில்லை. அணிவாரின் தோளையும் கழுத்தையும் தழுவியே அது வடிவம் கொள்கிறது. கோதையின் தோளில் வளைந்து, அவர் உடற்சூட்டில் சற்றே வாடி, அவ்வடிவத்தோடு இறைவனைச் சென்றடைந்தது அம்மாலை. மென்மையான ஒரு பொருள் தன்னைத் தொட்டவரின் உருவை ஏற்று, அதனை இன்னோரிடத்திற்குக் கொண்டு செல்கிறது. மெழுகின் இயல்பும் இதுவே.

மணலில் பழகிய கை

கோதையின் பாசுரங்களை வரிசையாகப் படிப்போர் ஒன்றை எளிதிற் காண்பர். உருவமைக்கும் செயல்கள் அவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றன. நாச்சியார் திருமொழியின் முதற்பதிகத்தில் தலைவி காமதேவனை நோற்கிறாள். தெருவை மணலால் அணி செய்கிறாள். சுவரில் அவன் பெயரையும் கொடியையும் எழுதுகிறாள். இரண்டாம் பதிகத்தில் சிறுமியர் வெண்மணலைத் தெள்ளி எடுத்துத் தெருவில் சிற்றில் இழைக்கின்றனர். முதுகு நோக உழைத்து அமைத்ததைச் சிதைத்துவிட வேண்டா எனக் கண்ணனிடம் மன்றாடுகின்றனர். நான்காம் பதிகத்தில் கூடலிழைத்தல் வருகிறது. கண்ணை மூடித் தரையில் வட்டம் வரைந்து, தொடக்கமும் முடிவும் கூடினால் எண்ணியது கைகூடும் எனக் குறி பார்க்கும் பழைய வழக்கம் அது.

திருப்பாவையும் இவ்வரிசையில் சேர்வதே. பாவை என்னும் சொல்லே செய்யப்பட்ட உருவத்தைக் குறிப்பது. ஆயர் மகளிர் யமுனைக் கரையில் மணலால் தேவியின் உருவமைத்து வழிபட்டதைப் பாகவதமும் கூறுகிறது. இவையெல்லாம் நிலையாத பொருள்களால் செய்த உருவங்கள். சிற்றில் கால்பட்டு அழியும். கூடற்கோடு காற்றில் கலையும். மணற்பாவை நீரில் கரையும். இவற்றினின்றும் மேற்சென்று, அழிவதன் வாயிலாகவே நிலைபெறும் ஓர் உருவத்தைக் கோதை பத்தாம் பதிகத்தில் கண்டடைந்தார்.

மெழுகின் தொழில்

அவ்வுவமையின் ஆழத்தை உணர அத்தொழிலைச் சற்று அறிதல் வேண்டும். பாண்டிநாட்டிற்கு உலோக வார்ப்பு புதியதன்று. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில், விலங்குருவங்கள் அமைந்த வெண்கலக் கலங்களும் மூடிகளும் கிடைத்தன. கோதையின் காலத்திலோ அக்கலைக்குப் புதியதொரு தேவை எழுந்திருந்தது. கருவறைத் தெய்வம் விழாக்காலத்தில் வீதியில் எழுந்தருளும் வழக்கம் தமிழகக் கோயில்களில் வளர்ந்து வந்தது. கல்லாலும் சுதையாலும் ஆன மூலவர் பெயர முடியாதவர். உலாவுக்குச் செப்புத் திருமேனி வேண்டும். செப்புத் திருமேனிக்கு முதலில் மெழுகுத் திருமேனி வேண்டும். கனவில் தம் மணவாளன் ஆயிரம் யானைகள் சூழ வீதிவழி வருவதைக் கண்டு பாடியவர் கோதை. தெய்வம் தெருவில் வரக் கண்ட தலைமுறைக்கு அவர் உரியவர். கோயிலூரில் வளர்ந்த அவருக்கு அத்தெய்வ உருவம் அமையும் வகை மறைபொருளாக இருந்திராது.

வடமொழிச் சிற்பநூல்கள் இம்முறையை மதூச்சிட்ட விதானம் என்னும். தேன் எடுத்தபின் எஞ்சியது என்னும் பொருளில் மெழுகுக்கு மதூச்சிட்டம் என்று பெயர். இன்றும் சுவாமிமலைச் சிற்பிகள் தேன்மெழுகோடு குங்கிலியப் பொடியும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிப் பதப்படுத்துகின்றனர். வெறும் மெழுகு வெயிலில் தளரும், குளிரில் வெடிக்கும். குங்கிலியம் அதற்கு உறுதி தரும். எண்ணெய் குழைவு தரும். காய்ச்சிய கலவையைத் துணியில் வடிகட்டித் தண்ணீரில் விட்டால் அது இறுகும். வேண்டும்போது கைச்சூட்டாலும் தணலாலும் இளக்கிக் கொள்வர்.

உருவின் உயரத்திற்கேற்ப ஒரு தென்னங்கீற்றை நறுக்கி, அதனை மடித்து மடித்து உறுப்பளவுகளைக் குறித்துக் கொள்வது அவர்கள் மரபு. அளவின் அடிப்படைக்குத் தாளம் என்று பெயர். ஒரு தாளம் பன்னிரண்டு அங்குலமாகப் பகுக்கப்படும். இசைக்கும் சிற்பத்திற்கும் தமிழர் ஒரே சொல்லை வழங்கியது எண்ணத் தக்கது. தலை, உடல், கை, கால் எனத் தனித்தனியே மெழுகைத் திரட்டிச் சமைத்து, காய்ச்சிய இரும்புக் கருவியால் பொருந்துமிடத்தை இளக்கி ஒட்டுவர். முகத்தின் நுட்பம், ஆடையின் மடிப்பு, அணிகலன்களின் கோடு ஆகியவற்றை மெழுகிலேயே அமைத்துவிடுவது நல்ல சிற்பியின் இலக்கணம். மெழுகில் விடுபட்டதை உலோகத்தில் உளியால் ஈடு செய்தல் கடினம். மெழுகில் பதிந்த விரற்சுவடும் உலோகத்தில் தோன்றும். உருவம் முற்றியதும், உலோகம் உட்செல்லவும் மெழுகும் காற்றும் வெளியேறவும் மெழுகாலேயே குழல்கள் அமைத்து ஒட்டுவர்.

பின்னர் மண்ணின் வேலை தொடங்கும். முதற்பூச்சுக்கு ஆற்று வண்டலின் மிக நுண்ணிய பகுதி வேண்டும். அதனோடு கரித்த உமியை அரைத்துச் சாணமும் கலந்து, மெழுகின் ஒவ்வொரு கோட்டிலும் புகுமாறு மெல்லெனப் பூசுவர். வெயிலில் வைத்தால் மெழுகு நெகிழுமாதலால் நிழலில் உலர்த்துவர். அடுத்த பூச்சு வயல்மண். அதன்மேல் மணல் கலந்த பருமண். பெரிய உருவங்களுக்கு இரும்புக் கம்பி சுற்றி மீண்டும் மண் அப்புவர். இவ்வாறு அமைந்த மண்கூட்டைப் பார்ப்பவர்க்கு அதனுள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. வடிவமற்ற மண்கட்டி போலவே அது கிடக்கும். முகமும் நகையும் விரலும் உள்ளே இருளில் இருக்கும்.

இனி நெருப்பு. வறட்டி அடுக்கி மூட்டிய தீயில் மண்கூட்டைச் சுட்டால், உள்ளிருந்த மெழுகு உருகி வழிந்து வெளியேறும். மண் இறுகும், உள்ளே வெறுமை நிற்கும். அவ்வெறுமை மெழுகின் உருவத்தைச் சிறிதும் பிழையாமல் காத்து நிற்கிறது. மூசையில் உருக்கிய செம்பும் ஈயமும் கலந்த உலோகத்தை அதனுள் ஊற்றி, ஆறிய பிறகு மண்ணை உடைத்தெடுத்தால் திருமேனி வெளிப்படும். மெழுகு மீளாது, மண்கூடும் மீளாது. ஒரு கூட்டில் ஓர் உருவமே பிறக்கும். ஆதலால் இம்முறையில் வார்த்த இரு திருமேனிகள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை.

எத்துணை உலோகம் தேவை என்பதையும் மெழுகே முடிவு செய்யும். மண் பூசுமுன் மெழுகுருவை நிறுத்து வைத்துக் கொள்வர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் அமைந்த மானசோல்லாசம் என்னும் நூல், மெழுகின் எடைக்கு எத்தனை மடங்கு செம்பும் வெள்ளியும் பொன்னும் வேண்டும் என விதி வகுத்துள்ளது. செம்புக் கலவை மெழுகைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு வரை எடையுள்ளது. கையில் இலேசாக இருந்த உரு, உலோகமானபின் சுமையாகிறது.

மழையிடம் சொன்னது

பத்தாம் பதிகம் கார்காலத்தில் நிகழ்வது. கோடலும் தோன்றியும் மலர்ந்துள்ளன, கோவைக் கனி சிவந்துள்ளது, முல்லை நகைக்கிறது, குயில் கூவுகிறது, மயில் ஆடுகிறது. தலைவிக்கு எல்லாமே தலைவனின் நிறத்தையும் இதழையும் குரலையும் நினைவூட்டி வருத்துகின்றன. ஒவ்வொன்றையும் விளித்து முறையிட்டு வந்தவர் எட்டாம் பாசுரத்தில் மழையை விளிக்கிறார். வேங்கடத்து இறைவன் தம்மை, வெளியே மண் மூடியிருக்க உள்ளிருந்த மெழுகை வடிப்பது போல் வடித்துவிட்டான் என்கிறார். அவன் தம் நெஞ்சுற அணைந்து நிற்குமாறு செய்ய மழையால் இயலுமா எனக் கேட்கிறார்.

மெழுகு தீயில் உருகும் என்பது தமிழ்க் கவிதையில் பழகிய உவமை. அடியார் பலர் தம் உள்ளம் தீயிடைப்பட்ட மெழுகெனக் கரைவதைப் பாடியுள்ளனர். கோதை அவ்விடத்தில் நிற்கவில்லை. வெளிமண்ணைச் சேர்த்தார். இந்தச் சேர்க்கையால் உவமையின் பொருளே மாறிவிட்டது. திறந்தவெளியில் உருகும் மெழுகு உருவிழந்து தரையில் பரவும். காண்பவர் அனைவரும் அதனை அறிவர். மண்கூட்டினுள் உருகும் மெழுகின் நிலை வேறு. புறத்தே எந்த மாற்றமும் தோன்றாது. ஊராரும் உறவினரும் காண்பது உடல் என்னும் மண்கூட்டை. அது முன்போலவே நடமாடுகிறது. உள்ளிருந்தவர் எப்போதோ வடிந்து போய்விட்டார். காதல் நோயின் தனிமையை இத்துணைச் சுருக்கமாகக் கூறிய உவமை அரிது.

மழையை விளித்ததிலும் நுட்பம் உண்டு. வார்ப்புத் தொழிலுக்கு மழை பகை. ஈரம் உலராத மண்கூட்டில் கொதிக்கும் உலோகம் விழுந்தால் நீர் ஆவியாகிக் கூட்டைப் பிளந்துவிடும். கார்காலத்தில் பட்டறை நெருப்பு ஓய்ந்திருக்கும். வெளியே பெய்யும் நீருக்கு நடுவில், உள்ளே அணையாத நெருப்பொன்று தம்மை உருக்குகிறது என்று கோதை கூறும்போது, தொழிலறிந்தோர் அம்முரணை உடனே உணர்வர்.

உவமையின் முழுமை இன்னும் ஓரிடத்தில் உள்ளது. மெழுகு வடிந்தபின் எஞ்சும் வெறுமை வீணானதன்று. இன்னொன்றை ஏற்பதற்கென அமைந்தது. தாம் வெறுமையானதை மட்டும் கோதை பாடினார். அவ்வெறுமையில் எது வந்து நிறையும் என்பதைப் பாசுரம் வெளிப்படச் சொல்லவில்லை. வார்ப்பின் வழி அறிந்தவர் அதனைத் தாமே நிரப்பிக் கொள்வர்.

அதே பதிகத்தின் இறுதியில் தோழியை விளித்து, பாம்பணையில் துயில்பவர் முன் எளிய மானிடராகிய தாம் என் செய்ய இயலும் என நொந்து, வில்லிபுத்தூர் விட்டுசித்தர் தம் தேவரை வருவிக்க வல்லராயின் அப்போது காணலாம் என்று முடிக்கிறார். பூக்களும் பறவைகளும் மழையும் கடலும் கைவிட்ட பின் மகளின் பார்வை தந்தையின்மேல் திரும்புகிறது. மதுரை அவையில் வென்ற தந்தையின் பெருமையும் மகளின் ஆற்றாமையும் ஓரிடத்தில் சந்திப்பதால், வாழ்க்கை வரலாற்று நோக்கில் இது இன்றியமையாத பாசுரம்.

அழகர்மலை

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள திருமாலிருஞ்சோலை கோதையின் நெஞ்சுக்கு அணுக்கமான தலம். ஒன்பதாம் பதிகம் முழுவதும் அம்மலைக்கே உரியது. தம்மை ஏற்றுக்கொண்டால் நூறு தடா நிறைய வெண்ணெயும், நூறு தடா நிறைய அக்காரவடிசிலும் படைப்பதாக அழகருக்கு அவர் நேர்ந்து கொள்கிறார். பின்னாளில் இராமானுசர் அந்நேர்ச்சையை அழகர்கோயிலில் நிறைவேற்றி, திருவில்லிபுத்தூர் வந்தபோது ஆண்டாள் அவரைத் தமையனாக ஏற்றார் என்பது வைணவ மரபு.

அழகர்கோயில் உற்சவர் அபரஞ்சி என்னும் உயர்பொன்னால் ஆனவர் என்பர். மலைமேலுள்ள நூபுரகங்கை நீரன்றிப் பிற நீரால் நீராட்டினால் திருமேனி கருக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. இவ்வுற்சவரே சித்திரைத் திருவிழாவில் மலையினின்று இறங்கி மதுரைக்கு எழுந்தருளி வையையில் இறங்குபவர்.

அரங்கம்

மணப்பருவம் எய்திய கோதை மானிடர் எவரையும் மணக்க இசையவில்லை. தந்தை ஒவ்வொரு திருப்பதியின் பெருமையாகக் கூறிவர, அரங்கனின் பெயரில் அவர் உள்ளம் நின்றது. இறைவன் கனவில் ஆணையிட, விட்டுசித்தர் மகளைப் பல்லக்கில் ஏற்றித் திருவரங்கம் சென்றார். கருவறை புகுந்த கோதை அரங்கனோடு ஒன்றி மறைந்தார் என்று குருபரம்பரை கூறும்.

தந்தை தனியே ஊர் திரும்பினார். பெரியாழ்வார் திருமொழியில், தாமரைப் பொய்கை பனியால் பொலிவிழந்தது போல் இல்லம் வெறிச்சோடியதாகவும், திருமகள் போல் வளர்த்த ஒரே மகளைத் திருமால் கொண்டு சென்றதாகவும் ஒரு தாய் புலம்பும் பதிகம் உண்டு. அதனைக் கோதையின் பிரிவோடு இயைத்துப் படித்தல் நெடுங்கால வழக்கம்.

இருபதாம் நூற்றாண்டில் சிலர், கோதை என்றொரு பெண் வாழ்ந்ததில்லை, பெரியாழ்வாரே பெண்ணிலை எய்திப் பாடினார் என்று கருதினர். இவ்விருவர் பாடல்களையும் ஒருங்கு வைத்துக் காண்போர்க்கு அக்கருத்து ஏற்புடையதாகத் தோன்றாது. காதலைப் பாடும்போது பெரியாழ்வார் தாயின் இடத்தில் நிற்கிறார். மகள் மாறுவதையும் மகள் பிரிவதையும் வெளியிலிருந்து காண்கிறார். கோதை எங்கும் தன்மையில் பேசுகிறார். தந்தை காண்பது மண்கூட்டின் புறத்தை. மகள் கூறுவது மெழுகின் நிலையை. பதிக இறுதிகளில் தம்மை வில்லிபுத்தூர் விட்டுசித்தன் கோதை என்று அவர் குறித்து வைத்ததும் புறக்கணிக்கத்தக்கதன்று.

வார்த்தபின்

கோதையின் காலத்திற்குப்பின் செப்புத் திருமேனிக் கலை பெருவளர்ச்சி கண்டது. பத்தாம் நூற்றாண்டில் சோழமாதேவி செம்பியன் மாதேவியாரின் கொடைகளாலும், தொடர்ந்து முதலாம் இராசராசன் ஆதரவாலும் திருமேனிகள் பெருகின. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அவற்றைக் கனமாக வார்த்தவை, பொள்ளலாக வார்த்தவை எனப் பிரித்து, உயரத்தையும் குறிக்கின்றன. மெழுகு பிடித்த கைகளின் பெயர்களோ பெரும்பாலும் எழுதப்படவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் ஃபிளாரன்சு நகரில் பெர்சியூசு உருவை இதே முறையில் வார்த்த செல்லினி, அந்நாளின் தீயையும் காய்ச்சலையும் தம் வரலாற்றில் தாமே எழுதி வைத்தார். தமிழகச் சிற்பி எழுதவில்லை. அவர் தொழிலின் உயிர்நிலையைப் பூப்பறித்த ஒரு பெண் தம் பாட்டில் எழுதி வைத்தார்.

அப்பெண்ணும் பின்னர்த் திருமேனியானார். சாய்ந்த கொண்டையும் பூவேந்திய கையுமாக ஆண்டாளின் செப்புருவம் வைணவக் கோயில்களில் இடம்பெற்றது. மெழுகை உவமை சொன்னவரின் முகத்தை மெழுகில் சமைக்கும் பேறு எத்தனையோ சிற்பியர்க்குக் கிட்டியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெரியவாச்சான் பிள்ளை அவர் பாசுரங்களுக்கு உரை வரைந்தார். விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் அவர் கதையை ஆமுக்தமால்யதா என்னும் தெலுங்குக் காவியமாக்கினார். பதினேழாம் நூற்றாண்டில் மதுரை மன்னர் திருமலை நாயக்கர், ஆண்டாள் கோயிலில் பூசை முடிந்த மணியொலி, வழிநெடுக அமைந்த மண்டபங்களின் மணிகள்வழித் தொடர்ந்து மதுரையை எட்டிய பின்னரே உணவு கொண்டார் என்பது மக்கள் வழக்கில் உள்ள செய்தி.

புகழும் ஒரு மண்பூச்சே. நிலமகளின் அவதாரம், நாச்சியார், நோன்பின் தலைவி எனப் பூச்சு மேற்பூச்சாக ஏறிற்று. அப்பூச்சுகளே அவரைப் பன்னிரண்டு நூற்றாண்டுகளாகக் காத்தும் வந்துள்ளன. திருப்பாவையும், திருமணக் கனவைப் பாடும் வாரணமாயிரமும் இல்லந்தோறும் புகுந்தன. உடலின் வேட்கையையும் ஏக்கத்தையும் மறைவின்றிக் கூறும் பிற பதிகங்கள் அத்தகைய இடம் பெறவில்லை. மெழுகின் பாசுரம் அவ்வாறு ஒதுங்கியவற்றுள் ஒன்று. அதனை ஓதாதார்க்கு ஆண்டாள் தெய்வமாக மட்டும் தெரிவார். ஓதினார்க்கு, அத்தெய்வ வடிவம் எந்த மானிட உருக்கத்தின் எச்சத்தில் வார்க்கப்பட்டதென்பது விளங்கும். கவிஞர்க்குக் கோதை விட்டுச்சென்ற பாடமும் இதுவே. சொல்லில் திண்மை வேண்டுமாயின் அதற்கு முன் உள்ளே ஒன்று முழுவதும் வடிந்தாக வேண்டும். உள்ளத்தில் செதுக்காத கோட்டைச் சொல்லில் பிறகு வெட்டிச் சேர்க்க இயலாது.

திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் அமரும் கிளி இன்றும் நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. இலையால் உடலும் மாதுளம்பூவால் அலகும் அமைத்து, மாலையில் சாத்தி, மறுநாள் களைந்து அடியார்க்கு வழங்குவர். சித்திரைத் திங்களில் அவர் சூடிக்களைந்த மாலை மதுரைக்கு வருகிறது. தல்லாகுளத்தில் அழகர் அதனை ஏற்று அணிந்து, குதிரை வாகனத்தில் வையைக்கு எழுந்தருள்கிறார். உலோகத் திருமேனியின் தோளில் அன்று ஒரு நாள் பூமாலை கிடக்கிறது. மறுநாள் அது வாடிவிடும். அடுத்த ஆண்டு மீண்டும் புதிய மாலை தொடுக்கப்படும்.